நடுங்கின காசு

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். போனாளா, இல்லை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளவும் கண்தான் வேண்டும். குணவதி தலையைச் சுவரில் சாய்த்து, மடியில் கிடந்த கைப்பையின் ஜிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மருந்து கன்னத்தில் வழிந்தது, தொண்டைக்குள்ளும் கசந்துகொண்டு இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வரும்? என்ன மருந்தை விட்டாளோ. பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு விட்டாளா, பழக்கத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து விட்டாளா? முன்னால் இருந்த பெரியவருக்கும் இதே பாட்டில்தான். அவர் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வந்தவர். ஆபரேஷன்காரருக்கும் கண்ணாடி மாற்ற வந்தவளுக்கும் ஒரே மருந்தா? கேட்டிருக்கலாம். கேட்டால் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மல்லிகை வாசம் வந்தது, வளையல் சத்தம் வந்தது. இத்தனை நாற்காலி காலியாக இருக்கும்போது ஒட்டி வந்து உட்காருவானேன்? குணவதி பையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று நர்ஸ் கேட்டதற்கு, வருவார்கள் என்று பொய் சொல்லியிருந்தாள். யார் வருவார்கள்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. பூபதி திருப்பூரில். பூபதியிடம் சொல்லவே இல்லை, சொல்லவும் கூடாது. போன வாரம் போனில், சம்பந்தா சம்பந்தமே இல்லாமல், "கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டான். பெற்ற மகன் அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்பது பெரிய விஷயமா? இல்லைதான். ஆனால் ஏன் அன்றைக்கு? மூட்டு வலியைக் கேட்பான், மழை பெய்ததா என்று கேட்பான், கண்ணைக் கேட்டதே இல்லை. அவளுடைய மாவு மில் இருக்கிற இடத்தை விற்க ஆள் பார்த்துவிட்டான் போல. கண் தெரியாதவள் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாமா என்று நான்கு பேர் முன்னால் கேட்டால் போதும், மில்லைப் பூட்டிவிடலாம். யார் சொல்லியிருப்பார்கள் அவனிடம்? கோபி ஊருக்குள் அவன் நம்பர் வைத்திருப்பது யார்? பக்கத்துக் கடை நசீமா வைத்திருக்கிறாள்.

நினைப்பு நசீமாவிடம் வந்து நின்றுவிட்டது மறுபடியும். எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது, சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. குணவதி பையின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். உள் பாக்கெட்டில், காகிதத்தில் மடித்த அந்த இரண்டு ரூபாய்க் காசு தட்டுப்படுகிற மாதிரி இருந்தது. இத்தனை துணிக்கும் காகிதத்துக்கும் அடியில் ஒரு காசு தட்டுப்படுமா? பட்டது. அவளுக்குப் பட்டது. இதை ஏன் கண் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தாள்? வீட்டில் வைத்துவிட்டு வர மனசு வரவில்லை, பூட்டை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். நடுங்கின காசு. அந்தப் பேர் நசீமா வைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கம்பு அரைக்கக் கொண்டுவந்தவள் மில்லில் கூட்டம் என்று நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் போட்டு அப்போது ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கும், ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வதோடு சரி. கல்லாவில் இருந்து மீதி கொடுக்கும்போது குணவதி ஒரு காசின் மேல் ஒட்டியிருந்த மாவை ஊதினாள், வருஷத்தின் எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு விளிம்பு தெரிந்தது. மாவுதான் என்று நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. நசீமா வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அக்கா, இது அடிக்கறப்ப அசைஞ்சிருக்குதுங்க்கா. தையல்ல ஊசி நழுவுனா ரெண்டு தடம் விழுமில்லீங்க, அதாட்ட." அன்று சாயங்காலமே போனில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். காசு அடிக்கிற மெஷினில் அச்சு சரியாக இறுகாமல் இருந்தால், அடித்து எடுக்கிற நொடியில் லேசாக உதறிவிடுமாம். எழுத்தின் ஓரம் நசுங்கிப் படிக்கட்டு மாதிரி தட்டையாக ஒரு நிழல் விழுமாம். மெஷின் டபுளிங் என்று பேராம். அச்சிலேயே இரட்டையாகச் செதுக்கி வந்த காசுக்குத்தான் விலை, இந்த உதறலுக்கு ஒரு மதிப்பும் இல்லை, காசு சேர்க்கிறவர்கள் இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "நம்மளுக்கு எதுக்குங்க்கா வெலை? பாவம், அடி விழறப்ப நடுங்கிப்போச்சு" என்றாள் நசீமா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு மத்தியானம் மில் ஓய்கிற நேரத்தில், கல்லாக் காசை முறத்தில் கொட்டி, ஈரத் துணியால் மாவைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது. கல்லு பொறுக்குவது போலத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. கிடைத்தால் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடுவார்கள், நசீமா கடையில் இருந்து டீ வரும். அந்த ஒரு மணி நேரத்தில் குணவதி மில்லையும் மறந்தாள், செத்தவரையும் மறந்தாள். விலை இல்லாத ஒன்றைத் தேடும்போது யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று அப்போது நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை மருந்து. மேல பாருங்க."

குரல் காதுக்கு அருகில் வந்ததும் குணவதி திடுக்கிட்டுப் பையைப் பிடித்தாள். நர்ஸின் விரல் இமையை இழுத்தது. கண்ணைத் திறந்த நொடியில் ட்யூப் லைட் வெள்ளையாகக் கொட்டியது.

"இது அதே மருந்துதானுங்களா?"

"அதேதாம்மா. கண்ணுப் பாப்பா விரியணுமில்ல? எரிஞ்சாலும் மூடிக்குங்க, தேய்க்காதீங்க."

"கண்ணாடி மாத்தறதுக்கு எதுக்குங்க இத்தனை?"

"டாக்டர் உள்ள பார்க்கோணும்மா."

உள்ளே பார்க்க வேண்டுமாம். உள்ளே என்ன இருக்கிறது? கண்ணுக்கு உள்ளே கண்தான் இருக்கும். எரிச்சல் தணிந்து, இமைக்குள் சிவப்பும் பச்சையுமாக ஏதேதோ மிதந்தது, மிதந்ததில் ஒரு 2 தெரிந்தது, அதன் ஓரத்தில் இன்னொரு 2. பங்குனியில்தான் அது தொடங்கியது. மாதத்துக்கு ஒன்று என்று இருந்தது வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு நாலைந்து. முதலில் சந்தோஷம்தான், பாட்டில் நிறைந்து இன்னொரு பாட்டில் எடுத்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் முறத்தில் கொட்டிய காசில் பாதிக்கு மேல் நடுங்கினதாக இருந்தது. இத்தனை எப்படி வரும்? யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள். வேண்டுமென்றே. யார் என்று பார்க்க, அரைக்க வருகிறவர்கள் காசு நீட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாள். ராகி கொண்டுவரும் பாட்டிக்கு என்ன தெரியும், ஆனால் அவள் பேரன் ஏன் காசைக் கொடுத்துவிட்டு நின்று பார்க்கிறான்? யாரோ சோதிக்கிறார்கள், இவளுக்கு எது தெரியும் எது தெரியாது என்று. இல்லையென்றால் எங்கோ ஒரு மெஷின் கெட்டுப்போய் அது யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மட்டும் தெரிகிறது. நசீமாவிடம் ஓடினாள். நசீமா ஒவ்வொன்றாக எடுத்து, வாட்ச் கடைக்காரர்கள் வைத்துக்கொள்கிற அந்தக் குட்டி லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்து, ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். "இதுல ஒண்ணுமில்லீங்க்கா. இதுலயும் இல்லை." எல்லாவற்றிலும் இல்லையாம். அப்போதுதான் முதல் தடவையாகக் குணவதி, காசைப் பார்க்காமல் நசீமாவைப் பார்த்தாள். ஏன் இப்படி அவசரமாக ஒதுக்குகிறாள்? ஒரு வேளை இது உதறல் இல்லையோ, அச்சிலேயே இரட்டையாக வந்த அசலோ, தெரிந்துதான் ஒதுக்குகிறாளோ? ஒதுக்கினதை எங்கே வைக்கிறாள்? அந்த எண்ணம் வந்த நாளில் இருந்து டீ ருசிக்கவில்லை. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. பாட்டிலிலேயே நல்லதாக, வருஷம் சிங்கம் எழுத்து எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிற இரண்டு ரூபாயைக் கையோடு எடுத்துப் போய்க் கொடுத்தாள். கடையில் இரண்டு பெண்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க நின்றிருந்தார்கள். நசீமா லென்ஸை வைத்துப் பார்த்து, "அக்கா, ஒத்தையாத்தான் இருக்குது" என்றாள். "நாங் குடுத்தது இது இல்லை" என்றாள் குணவதி. "பின்னே?" "மாத்திட்டே." நசீமா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. கழுத்தில் தொங்கின டேப்பைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள், எழுந்து மடியை உதறினாள், நூலும் துணித் துண்டும் விழுந்தன. மேஜை டிராயரை முழுக்க இழுத்து, "தேடுங்க்கா" என்றாள். தேடாமல் திரும்பி வந்திருக்கலாம். குணவதி தேடினாள். அந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, டிராயருக்குள் கையை விட்டுக் கொக்கியும் பட்டனும் சாக்கட்டியும் கலந்த குவியலை விரலால் அளைந்து அளைந்து தேடினாள். அந்தப் பட்டன்களின் வழவழப்பு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதாலேயே சந்தேகம் கூடியது; வேறு எங்கோ வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அந்தக் காசை மறுபடி பார்த்தால் அது இரட்டையாகத்தான் இருந்தது. அப்போது மாற்றவில்லையா? மாற்றினாள், நான் சத்தம் போட்டதும் பயந்து திருப்பி வைத்துவிட்டாள். அப்படித்தான். அப்படித்தானே?

அப்படியென்றால் காலண்டர்? இந்த இடத்துக்கு வந்ததும் குணவதியின் நினைப்பு எப்போதும் செய்வதைத்தான் செய்தது, வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டது. வேறு எதையாவது நினைக்கலாம். மில்லைப் பூட்டினோமா, மெயினை அணைத்தோமா. அணைத்தாள், இரண்டு தடவை பார்த்தாள். காலண்டரில் தேதி கொஞ்ச நாளாகவே நிழலோடுதான் தெரிகிறது, ஆனால் அது அச்சகத்தில் மலிவாக அடித்தது, அப்படித்தான் இருக்கும். தெருவிளக்குக்கு இரண்டு பக்கமும் வால் முளைத்திருக்கிறது, புதிதாகப் போட்ட பல்பு, அதன் வெளிச்சமே அப்படி. பஸ்ஸில் ஊர்ப் பெயர், அது ஓடுகிற வண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் என்று மட்டும் யோசிக்கக் கூடாது. யோசித்தால் மில் போய்விடும். போன வாரம் மாவு கொட்டும் வாயில் துணியைக் கட்டும்போது கயிறு இரண்டாகத் தெரிந்து, தப்பான கயிற்றைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் கயிறே இல்லை. விரலுக்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மோட்டாரை அணைத்துவிட்டு மூட்டையின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்துக் கடையில் இருந்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, இந்த மோட்டார் நின்றதும் அந்தச் சத்தமும் கொஞ்சம் நின்றது. நின்று, கேட்டு, பிறகு ஓடியது. ஏன் நிறுத்தினாள்? வேவு பார்க்கிறாளா? இல்லை, இவளுக்கு என்ன ஆச்சோ என்று நிறுத்தினாளா? இரண்டில் எது? அன்று முழுக்க அதே யோசனை. மறுநாள், கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி என்றுதான் சொன்னாள், கண் என்று சொல்லவில்லை.

"குணவதி யாரும்மா? உள்ள வாங்க."

கண்ணைத் திறந்தாள். கூடம் முழுக்க வெளிச்சத்தில் கரைந்திருந்தது. நர்ஸ் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு, குரலில் தெரிந்தது. தாடையை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒரு வெளிச்சக் கோட்டை நகர்த்திக்கொண்டே போனாள். பிறகு எதிர்ச் சுவரில் ஒரே ஒரு எழுத்தைப் போட்டு, வலது கண்ணை மறைத்தாள்.

"எத்தனை தெரியுதும்மா?"

"ரெண்டுங்க."

இடது கண்ணை மறைத்தாள். "இப்ப?"

"இப்பவும் ரெண்டுதானுங்க. பக்கத்துல நெழலாட்ட."

"எத்தனை நாளா இப்படி?"

குணவதி மடியில் இருந்த பையின் ஜிப்பைத் தடவினாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை வந்திருக்குதும்மா. அதனாலதான் ஒவ்வொண்ணுக்கும் நிழல் தெரியுது. பயப்படற மாதிரி இல்லை, ஆபரேஷன் பண்ணுனா தெளிவாயிடும்."

ஆபரேஷன். இதற்குத்தான் அந்த மருந்து, இதற்குத்தான் இந்த எழுத்து. சுவரில் அவர்களே இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு எத்தனை என்று கேட்டால் யாராக இருந்தாலும் இரண்டு என்றுதானே சொல்வார்கள்? குணவதி பையைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, காசை நீட்டினாள். "இதைப் பார்த்துச் சொல்லுங். எழுத்து ஒத்தையா, ரெட்டையா?"

டாக்டரம்மா ஒரு நொடி தயங்கியிருக்க வேண்டும். பிறகு வாங்கி, அந்த மெஷினின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தாள். "ஒத்தைதாம்மா. நல்லா சுத்தமா இருக்குது. ஏன்?"

"அவங்களையும் பார்க்கச் சொல்லுங்."

நர்ஸும் பார்த்தாள். "சாதா ரெண்டு ரூபாதானுங்கம்மா." காசு குணவதியின் கைக்குத் திரும்பி வந்தது. மூடின விரலுக்குள் அது கொஞ்சம் சூடாக இருந்தது. கனமும் குறைவாக இருக்கிற மாதிரி இருந்தது. நம்முடையதுதானா? இரண்டு பேர் கை மாறியிருக்கிறது, இந்தக் கண்ணோடு நான் பார்க்கவும் இல்லை, மாத்திட்டாங்களோ? அந்த எண்ணம் முழுதாக வருவதற்குள் அவளுக்கு உடம்பு கூசியது. ஒரு கண் டாக்டர், தன்னுடைய மேஜையில், ஒரு கிழவியின் இரண்டு ரூபாயை எதற்கு மாற்றப் போகிறாள்? எதற்கும் இல்லை. அப்படியென்றால் நசீமா எதற்கு? அவளுக்கும் எதற்கும் இல்லை. அதே எண்ணம், அதே வார்த்தை, ஆள் மட்டும் வேறு. கை மாறினால் போதும், யார் மேலானாலும் வரும். எழுந்து வெளியே வந்தவள், விட மனசில்லாமல், பழைய நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்து, மல்லிகை வாசம் வந்த பக்கம் காசை நீட்டினாள். "கண்ணு, இதுல வருசம் எப்படி இருக்குதுன்னு பார்த்துச் சொல்றியா? ரெட்டையா இருக்குதா?"

வளையல் சத்தம். "ஒத்தையாத்தான் இருக்குதுங்கம்மா" என்றாள் முன்பின் தெரியாத அந்தப் பெண்.

எல்லாரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களா? அப்படியும் நினைத்துப் பார்த்தாள். இந்தப் பெண், நர்ஸ், டாக்டரம்மா, பூபதி, ராகிப் பாட்டியின் பேரன், நசீமா, எல்லாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நினைப்பு அதற்கு மேல் நகரவில்லை. கரண்ட் குறைந்த மோட்டார் மாதிரி இழுத்து இழுத்து நின்றது. அவளுக்குக் களைப்பாக இருந்தது. இத்தனை பேரைச் சந்தேகப்பட எவ்வளவு வேலை! மூன்று மாதமாக மில்லை விட இதற்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறாள். டிராயரில் அளைந்த விரல்கள் காசைச் சுற்றி மூடிக்கொண்டன. நசீமா அன்று அழவில்லை. அழுதிருந்தால் நடிக்கிறாள் என்று சொல்லியிருப்பேன், அழாததால் கல் நெஞ்சுக்காரி என்று சொன்னேன்.

"கூட யாரோ வர்றாங்கன்னு சொன்னீங்களேம்மா" என்றாள் நர்ஸ். "சாயங்காலம் வரைக்கும் கண்ணு கூசும். தனியா அனுப்ப மாட்டாங்க."

குணவதி போனை நீட்டினாள். "எனக்கு எழுத்துத் தெரியலை. டெய்லர் நசீமான்னு இருக்கும். போட்டுக் குடு சாமி."

நர்ஸ் போட்டாள், பழக்கத்தில் ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தாள். மணி அடிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எடுக்க மாட்டாள். பேரைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். எடுத்தாலும் பேச மாட்டாள். மணி நின்றது.

"சொல்லுங்க." அக்கா என்கிற வார்த்தை இல்லை.

"நசீமா, நா கண்ணாஸ்பத்திரில இருக்கறேன்."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"டிராயர்ல தேடுனீங்களே. கெடச்சுதா?"

கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று குணவதிக்குத் தெரியும், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அணைத்திருப்பாளா? அன்று இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள், அதற்குப் பிறகு நசீமா கடையில் துணி குறைந்துவிட்டது என்று இவள் காதுக்கும் வந்தது. வந்தபோது, பார்த்தியா என்று நினைத்தாள்.

"நீ எடுக்கலை" என்றாள் குணவதி. குரல் போதாத மாதிரி இருந்தது, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "நீ எதையும் எடுக்கலை நசீமா. காசுல ஒண்ணுமே இல்லை. எங் கண்ணுல புரை. எனக்கு எல்லாமே ரெண்டாத் தெரிஞ்சிருக்குது, நாந்தான் உன்னையத் திருடின்னு சொல்லிப்போட்டேன்."

"கூட யாரு இருக்கறாங்க?" என்றது போன்.

"யாருமில்லை."

"தனியாவா போனீங்க? பூபதிக்குச் சொல்லலையா?"

"சொல்லலை. நீயும் சொல்லாதே."

"நா எதுக்குச் சொல்றேன்." ஒரு பெருமூச்சு, கத்தரிக்கோல் மேஜையில் விழுகிற சத்தம். "ஆட்டோல ஏறிராதீங்க. அங்கயே உக்காந்திருங்க." போன் நின்றுவிட்டது.

நர்ஸ் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள். குணவதி வாசல் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தெரு வெள்ளைப் புகை மாதிரி இருந்தது, அதற்குள் வண்டிகள் சத்தமாக மட்டும் போய்க்கொண்டிருந்தன. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லையே. உட்காந்திருங்க என்றுதான் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம்? உட்கார வைத்துவிட்டு வராமல் இருந்தால்? அவமானப்பட்டவள், பதிலுக்கு ஒரு மத்தியானம் முழுக்க இவளை இங்கே காய விடலாம், அதில் தப்பும் இல்லை. இல்லை, பூபதிக்குச் சொல்லிவிட்டாளோ, அவன்தான் வரப்போகிறானோ? நா எதுக்குச் சொல்றேன் என்று ஏன் அவ்வளவு சட்டென்று சொன்னாள்? சந்தேகம் போகவில்லை என்று குணவதிக்குத் தெரிந்தது. கண்ணில் இருந்த புரையைச் சொன்னார்கள், அதை எடுப்பார்கள், இதை எதைக் கொண்டு எடுப்பது? ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நசீமாவுடைய ஸ்கூட்டர் சத்தமா? இல்லை போலிருந்தது. ஆமாம் போலவும் இருந்தது. வெள்ளைப் புகைக்குள் ஒரு உருவம் வளர்ந்துகொண்டே வந்து எதிரில் நின்றது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். ஒரு கை அவள் முழங்கைக்கு அடியில் நுழைந்து பிடித்தது, இறுக்கமாக, கொஞ்சம் கோபமாகவே.

"யாரு?" என்றாள் குணவதி.

"யாரா இருந்தா என்ன? எந்திரிங்க."

குணவதி எழுந்து, அந்தக் கையின் மேல் தன் பாரத்தை முழுக்கப் போட்டு, வாசலின் முதல் படியில் காலை வைத்தாள்.